ஹெல்மெட்டோடு பஸ்ஸில் வந்தவர்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே அத்தையும் நானும் சுகமாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறி இறங்குகிறார். சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. போனில் பேசினால் நடுவில் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பஸ்ஸில் சுற்றப் போவது உங்களுக்குத் தெரியும். நானேதான் சொன்னேன். வாரம் முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். அந்த ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்புகிறேன். முகத்தில் காற்றடிக்கும். யாரும் என்முன் கையை நீட்ட மாட்டார்கள். இதை ஒருவரும் நம்பவில்லை. கூட வேலை செய்பவர்கள், யாரைப் பார்க்கப் போகிறாய், அவரை எங்களுக்கும் காட்டக் கூடாதா என்று கேலி செய்கிறார்கள். வேலை இல்லாமல் யாராவது பஸ் ஏறுவார்களா என்று அத்தை கேட்டார். கண்டக்டர் என்னை டிக்கெட் பரிசோதகர் என்றே நினைத்துவிட்டார். கொஞ்ச நாள் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்தார்.

போன மாதத்திலிருந்து ஓர் ஆள் எனக்குப் பின்னால் வந்து உட்கார ஆரம்பித்தார். மடியில் ஹெல்மெட். பைக் வைத்திருப்பவர் எதற்குப் பஸ்ஸில் வர வேண்டும்? கடைசி நிறுத்தத்தில் என்னைப் போலவே அவரும் இறங்குவதில்லை. கைப்பையில் ஓர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு பொறுக்க முடியாமல் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டார். பஸ்ஸே எழுந்து நின்றது. அந்த ஆள், "அண்ணி, தப்பா நினைக்காதீங்க, அண்ணன்தான் உங்களைக் கவனிக்கச் சொன்னாரு" என்றார். உங்களோடு பழைய பட்டறையில் வேலை பார்த்தவராம். அதுவரை அவரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவள் என்ன செய்தாளோ என்கிற பார்வை. கண்டக்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

இதுவரை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். "தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டே வர்றாங்கன்னு சொன்னேன், அண்ணி" என்றார். அதற்கு நீங்கள், "யாரைப் பார்த்துச் சிரிக்கிறா?" என்று கேட்டீர்களாம்.

அதை என்னிடமே கேட்டிருக்கலாம்.

அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தம்பிமேல் கோபப்படாதீர்கள். பாவம், பதற்றத்தில் ஹெல்மெட்டைக்கூட விட்டுவிட்டு இறங்கிவிட்டார். நம் வீட்டில்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறும் போவேன். அப்போது போன் செய்யுங்கள். எங்கே இருக்கிறாய், கூட யார் என்று கேட்காதீர்கள். வெளியே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்றும்போல் இருக்க விரும்பும்,
உங்கள் மனைவி