உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்பு மகள் மாஜிதாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் தம்பி ஹுஸைஃபாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் காசிமேஜர்புரத்தில் நீ வரைந்து கொடுத்த வீடு முடிந்துவிட்டது. நான்கு நாளாகச் சாரல், மலையைக் காணவில்லை, வீடும் பாதி மேகத்துக்குள் நிற்கிறது. நான்கு அறைக்கும் நான்கு நிறத்தில் கதவு, எங்கும் படி கிடையாது, கூட்டம் பிடிக்காதவர் தனியே உட்கார்ந்து கூடத்தைப் பார்க்க ஜன்னலோரம் ஒரு மூலை, எல்லாம் நீ சொன்னபடி. தம்பியும் அவனைப்போல எதையும் மெதுவாகப் புரிந்துகொள்கிற இன்னும் மூன்று பேரும் அடுத்த மாதம் குடிவருகிறார்கள், துணைக்கு உலகம்மை கூடவே இருப்பாள். பச்சைக் கதவு தம்பிக்கு.

ஒரு தப்புச் செய்தேன், ஏசாதே. தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும் போதும் என்று வரைந்திருந்தாய். உனக்குத் தெரியாமல் பலவேசம் ஆசாரியிடம் சொல்லி பச்சைக் கதவுக்கு வெளியிலும் ஒன்று போடவைத்தேன். தம்பி பன்னிரண்டு வயதில் அருவிச் சத்தம் கேட்க வேண்டும் என்று மழையில் நடந்தே குற்றாலம் போய், மறுநாள்தானே கிடைத்தான். அன்றிலிருந்து இருபது வருடமாக அவன் அறையை வெளியே தாழிட்டுத்தான் நான் தூங்குகிறேன். பயம்தான் மகளே, எங்கள் காலத்துக்குப் பிறகு இவன் என்ன ஆவான் என்ற பயம்.

நேற்று அவனைக் கூட்டிப்போனேன். பச்சைக் கதவைத் தடவித் தடவிப் பார்த்தான், உள்ளே போனான், தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தட்டினேன். யாரு என்றான். வாப்பா என்றேன். அருவிச் சத்தம் கேக்குது, செத்த நில்லுங்க வாப்பா, வாரேன் என்றான். நின்றேன். இத்தனை வருடத்தில் அவன் கதவுக்கு வெளியே நான் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியே சாரல் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கனவுக்குள் நிற்பதுபோல் இருந்தது. பிறகு திறந்து, உள்ள வாங்க என்று விருந்தாளியைப்போல் என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்று காலையில் ஆசாரி வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். இங்கே நம் வீட்டில் தம்பி அறைக்கு வெளியே இருந்ததை நானே கழற்றினேன், உன் உம்மாதான் திருப்புளியை எடுத்துத் தந்தாள்.

அல்லாஹ் உனக்கு ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. ஈரத்தலையோடு ஏசியில் உட்காராதே. லீவில் வரும்போது பச்சைக் கதவைத் தட்டிவிட்டு நில். தம்பி திறப்பான், கொஞ்சம் நேரமாகும்.

உன் வாப்பா,
காஜா மைதீன்,
தென்காசி.