நேற்று அளவுக்கு வலிக்கவில்லை

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஆள் வரவழைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அவர் ஏணியில் நின்றபடியே கூப்பிட்டார்.

"அம்மா, பரண் ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்குங்க. மந்திரம் மாதிரி என்னமோ எழுதியிருக்கு. கிழிச்சிடட்டுங்களா?"

அண்ணாந்து பார்த்தேன். உங்கள் கையெழுத்து. மேலே ஜப்பானிய எழுத்து, அதன் கீழே தமிழில் 'தக்காய் - உயரம்'. அவரை இறங்கச் சொல்லிவிட்டு நானே ஏறி உரித்தேன். பாதிதான் வந்தது. மீதி சுவரோடு போயிற்று.

எல்லாச் சீட்டையும் எடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். பீரோவில் 'ஒமோய் - கனம்', மிக்ஸியில் 'உருசாய் - இரைச்சல்' என்று வீடு முழுக்க ஒட்டி வைத்திருந்தீர்களே. ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புவதாகக் கம்பெனியில் சொன்ன நாளிலிருந்து நீங்கள் நாற்பத்தேழு வயது மனிதராகவே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் துவாக்குடியில் வேலை முடிந்ததும் நேரே கன்டோன்மென்ட்டில் வகுப்பு. பிறகு பஸ் பிடித்துக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்வீர்கள். வந்ததும் நோட்டை என்னிடம் நீட்டி, "கேளு" என்பீர்கள். கேள்வி கேட்டுக் கேட்டே உங்களைவிட எனக்கு நன்றாக வந்துவிட்டது. அதில் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையப் பெருமை.

பெயரடையில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். தமிழில் உயரம் என்கிறோம், இல்லையென்றால் பக்கத்தில் 'இல்லை' என்று ஒரு சொல்லை வைக்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்குள்ளேயே கை வைக்க வேண்டும். 'தக்காய்' என்றால் உயரம். கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, 'குநாய்' சேர்த்து 'தக்காகுநாய்' என்றால் உயரமில்லை.

"வாலை வெட்டினா நாய் வருது. என்ன பாஷைம்மா இது?" என்றீர்கள்.

நான் சிரித்த சிரிப்பில் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மீனா எழுந்து வந்து முறைத்தாள். அவளுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு.

ஒப்பிட்டுச் சொல்வதற்கு மாடிக்குப் போவோம். காய்ந்த துணியை நான் எடுக்க, நீங்கள் மடிக்க, பரீட்சை நடக்கும். காவேரி, கொள்ளிடம், எது அகலம்? 'கொள்ளிடம் நோ ஹோ கா ஹிரோய்.' கொள்ளிடத்தின் பக்கம்தான் அகலம். அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம், ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து. ராஜகோபுரம், மலைக்கோட்டை, எது உயரம்? கோபுரம்தான் என்று நீங்கள் ஒரே பிடிவாதம். "மலை தானா இருக்கறது, அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது" என்று வாதாடினீர்கள். அந்த மாலை வெயிலும், உங்கள் தோளில் கிடந்த என் புடவையும் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கின்றன.

தை மாதக் கடைசியில் வயிற்று வலி என்றீர்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"இப்ப போனா அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட்டுன்னு எழுதுவாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க. மீனாவுக்கும் பரீட்சை நேரம். முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றீர்கள்.

அதனால் அவள் காதில் விழாமலிருக்க, காபி கொடுக்கும்போது உங்களை ஜப்பானிய மொழியில் கேட்க ஆரம்பித்தேன். "இத்தாய்?" வலிக்கிறதா? நீங்களும் அப்போதுதான் வகுப்பில் படித்த பாடத்தை வைத்துப் பதில் சொன்னீர்கள். "கினோ ஹொதோ இத்தாகுநாய்." நேற்று அளவுக்கு வலிக்கவில்லை. ஒப்பிடுவதும் இல்லையென்பதும் ஒரே வாக்கியத்தில். ஒரு பிழையில்லை. முதல் நாள் உங்களைப் பாராட்டினேன்.

மறுநாளும் அதையே சொன்னீர்கள். அதற்கு மறுநாளும் அதே. தினமும் காலையில் ஒரே பதில்.

கல்லூரியில் நான் கணக்குப் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு நேற்றைவிடக் குறைவு, நாளைக்கு இன்றைவிடக் குறைவு என்றால், பத்து நாளில் வலி இருந்த இடம் தெரியாமல் போயிருக்க வேண்டும். நீங்களோ தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினீர்கள். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தீர்கள். பத்தாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. உங்களிடம் சொல்லாத ஒன்று இதுதான். புரிந்தும் நான் கேட்கவில்லை. அந்தப் பதில் எனக்கும் வேண்டியிருந்தது. காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

மீனா கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பிப் போன காலையில்தான் எனக்கு வாய் வந்தது. செருப்பைப் போடக் குனிந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் வந்து எதிரில் நின்றேன்.

"தினம் நேத்தைவிடக் கம்மிங்கறீங்க. இவ்வளவு நாளாச்சு. கணக்கு உதைக்குதுங்க" என்றேன்.

மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்தீர்கள். பிறகு, "இத்தாய்" என்றீர்கள். நேற்று இல்லை, அளவுக்கு இல்லை, எதுவும் இல்லை. வலி மட்டும். வீட்டில் அப்போது வேறு யாருமே இல்லை, தமிழிலேயே சொல்லியிருக்கலாம். தமிழில் சொல்ல உங்களுக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

புத்தூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "ஒரு ரெண்டு மாசம் முன்னாடி..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கணையத்தில் புற்று. ஆடிப் பெருக்குக்கு ஊரே அம்மா மண்டபத்துக்குப் போனபோது, நாங்கள் உங்கள் காரியங்களை முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

மீனாவுக்கு விஷயம் தெரிந்தது ஆஸ்பத்திரியில். "என் எதிர்லயே உட்கார்ந்து, எனக்குத் தெரியாத பாஷையில பேசி என்னை ஏமாத்தியிருக்கீங்க ரெண்டு பேரும்" என்றாள். உங்களிடம் அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. காலைப் பிடித்துவிட்டாள், பேப்பர் படித்துக் காட்டினாள். என்னிடம்தான் பேச்சு நின்றது. கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்தாள். போன் செய்தால், "சாப்பிட்டேன், வைக்கட்டுமா" என்பதோடு சரி. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அவள் மேல் தப்பில்லை என்று நான் கேட்காமல் இருந்தேன். எனக்குத்தான் கேட்காமல் இருக்க நன்றாகத் தெரியுமே.

வியாழக்கிழமை லீவுக்கு வந்தாள். சாமான்களெல்லாம் கூடத்தில் குவிந்துகிடந்ததால் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அம்மா, அப்பா பொய் சொல்றாருன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு கணம் வாயெடுத்தேன். பிறகு, "தெரியும்" என்றேன். "பத்து நாள்லயே தெரியும். கேட்கப் பயமா இருந்துச்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். குழம்பே ஊற்றிக்கொள்ளவில்லை, வெறும் சோறு.

"எனக்கும் தெரியும்மா" என்றாள்.

காலையில் அவள் படிக்க எழுந்திருக்கும்போது, குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் வாந்தி எடுப்பது அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நாளல்ல, பல நாள். ஒரு தடவை கதவு வரைக்கும் வந்து நின்றிருக்கிறாள். தட்டவில்லை.

"தட்டினா என்னவோ ஆகிடும்னு தோணுச்சு. பரீட்சை முடியட்டும், அப்பறம் சொல்லலாம்னு திரும்பிப் போய்ப் படிச்சேன். ரெண்டு வருஷமா உன் மேல கோபம்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்மா. உன் மேல இல்ல."

எச்சில் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதுப் பெண் என் தோளில் முகத்தை வைத்து அப்படி அழுதாள். பெயின்ட் அடிப்பவர் அடுத்த அறையில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

இதைச் சொல்லத்தான் உங்களுக்கு இவ்வளவும் எழுதினேன். நமக்குள் அது ரகசியமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் போனீர்கள். இல்லைங்க. மூன்று பேர் இருந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு மூலையில், மற்ற இரண்டு பேருக்குத் தெரியக்கூடாதே என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கேட்காமல் போன அந்த நாட்கள் என்னோடுதான் இருக்கும். அவற்றை இறக்கி வைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை. ஆனால் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே அவள் நின்றாளே, அந்தக் காலையை மட்டும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அதையும் நானே வைத்துக்கொள்கிறேன்.