இருபத்துநாலு கேள்விக்கும் "இல்லை"

கருப்பசாமி துணை

நாகமலை புதுக்கோட்டை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தையல் மிஷினும் சுகம், அங்கே பெல்ஜியத்தில் நீயும் உன் குளிரும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டீர்களா என்று அறிய ஆவல். போனில் சொல்லக் கூடாதா என்று அப்பா கேட்டார். போனில் நான் வாயைத் திறக்கும் அதே நேரத்தில்தான் அந்தப் பக்கத்திலும் பேச ஆரம்பிக்கிறார்கள், பிறகு இரண்டு பேரும் நிறுத்துகிறோம், பிறகு இரண்டு பேரும் ஆரம்பிக்கிறோம், அதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. எழுதினால் தாள் குறுக்கே பேசாது. இதை அப்பா போட்டோ பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவார், தாள் பின்னால் பார்சலில் வரும். பதினெட்டாம் தேதி டாக்டரிடம் போவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

உனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று முடிவு செய்ய, சின்ன வயதில் நீ எப்படி இருந்தாய் என்று பெற்றவளைத்தான் கேட்பார்களாம் என்று சொல்லி, இருபத்துநாலு கேள்வியைத் தமிழில் அடித்து அனுப்பியிருந்தாய். நான் குளித்து சாமி கும்பிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, இருபத்துநாலுக்கும் "இல்லை" என்று போட்டு அனுப்பினேன். என் மகள் முழு மார்க் வாங்கிவிட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்குக் கேசரி கூடக் கிண்டினேன். அதைப் படித்த டாக்டர், சின்ன வயதில் ஒன்றுமே இல்லையென்றால் இது வேறு ஏதோவாக இருக்கும் என்று சொல்லிவிட்டார் என்று நீ போன் செய்தாய். நான் ஏன் இப்படி இருக்கேன்னு இருவத்தேழு வருசம் கழிச்சு இப்பத்தாம்மா ஒரு பதில் கெடச்சுச்சு, அதையும் அழிச்சிட்டியேன்னு சொன்னாய். வைத்துவிட்டாய். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

நான் பொய் எழுதவில்லை ஆத்தா. வித்தியாசமாக ஏதாவது செய்தாளா என்று கேட்டால், வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிந்தால்தானே எழுத முடியும். நீ செய்ததெல்லாம் நானும் செய்கிறதாகத்தான் இருந்தது. ஊர் உலகமே அப்படித்தான் என்று நாற்பத்தொன்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில், அப்பாவோடு பஸ் ஓட்டும் முத்துக்கருப்பன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எனக்கு முன்னால் ஒரு ரவிக்கை நின்றது. பின்கழுத்து பானை வடிவம், ஒன்பது அங்குல இறக்கம், மயில் கழுத்து நிறத்தில் பைப்பிங், நான் தைத்தது, நம் தெருவில் இருக்கும் ரோகிணி டீச்சருடையது. எனக்கு ஆள் தெரிந்துவிட்ட தைரியத்தில், டீச்சர் இப்ப எடது தோளு எறங்கலைல்ல, அர இஞ்சு புடிச்சாப் போதும்னு அப்பவே சொன்னேன்ல என்று அந்த முதுகோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். திரும்பிய முகத்தைப் பார்த்து நான், நீங்க யாருங்க என்று கேட்டேன். நாந்தான்க்கா ரோகிணி, எட்டு வருசமா ஒங்ககிட்டதான தைக்கிறேன் என்றார்கள். பாவம், பேச்சை மாற்றுவதற்காகச் சாப்பிட்டீகளாக்கா என்று கேட்டார்கள். நான் காலையில் ஏழு நாற்பதுக்கு மூன்று இட்லி, சட்னி இல்லை, பொடி மட்டும், பொடியும் இட்லியைத் தொடாமல் தள்ளித்தான் வைப்பேன் என்று ஆரம்பித்து மத்தியானம் என்ன சமைக்கப்போவதாக இருந்தேன் என்பது வரை சொல்லி முடித்தேன். பின்னால் பந்திக்கு நின்ற கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அப்பா வீடு வரும் வரை பஸ்ஸில் சிரித்தார். டிரைவர் சீட்டில் இல்லாததால் முழுதாகச் சிரிக்க முடிந்தது. ஏ புள்ள, சாப்டாச்சான்னு கேக்குறவுக பதிலுக்காகவா கேக்குறாக என்றார். பிறகு எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மறுநாள் காலையில் சவரம் பண்ணிக்கொண்டே உன் கேள்வித்தாளைப் படித்தவர், பாதி நுரையோடு தையல் ரூமுக்கு வந்து நின்றார். இதுல கேட்டிருக்கது நம்ம புள்ளயவா ஒன்னயவா, பதினேழாவது கேள்வியப் பாரு, தெரிஞ்சவுக மொகத்த அடையாளம் தெரியாமப் போகுமான்னு கேட்டிருக்கு, நீ இல்லைன்னு போட்டிருக்க, நீதான் எதுத்த வீட்டுக்காரியவே நைட்டிய வச்சுல்ல கண்டுபிடிக்கிற என்றார்.

நான் மிஷினை நிறுத்திவிட்டு, துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு இருபத்துநாலையும் மறுபடி படித்தேன். எட்டாவது கேள்வி, உடையின் உறுத்தல் தாங்க மாட்டாளா என்பது. உன் சட்டைகளில் கழுத்து லேபிளை எல்லாம் நான்தான் வெட்டினேன், என்னுடையதையும் வெட்டினேன், தைக்க வரும் ஜனங்களின் அளவு ரவிக்கையில் லேபிள் இருந்தால் அதையும் சேர்த்து வெட்டிவிடுவேன், இத்தனை வருஷமாக யாரும் கேட்காததால் எல்லோருக்கும் உறுத்தல் தீர்ந்தது என்று இருந்தேன். சத்தத்துக்கு ஒதுங்குவாளா என்று ஒரு கேள்வி. விசேஷ வீட்டில் ஸ்பீக்கர் போட்டதும் நாம் இரண்டு பேரும் சமையல் பந்தலுக்குப் பின்னால் போய் உட்காருவோமே, பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று உனக்குத் துணைக்குப் போவதாக நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் துணையாகப் போவதாக நீ நினைத்திருப்பாய்.

அதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது. தகரக் கூரை, அறுபது பிள்ளைகள், மத்தியானம் சத்துணவுத் தட்டு அத்தனையும் ஒரே நேரத்தில் கழுவும் சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் நிற்பேன். பிள்ளைக்குக் கூச்சம், படிப்பு ஏறாது என்று சொல்லி வீட்டில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். படிப்பு ஏறாமல் இல்லை சத்யா. தையல் கிளாஸில் கொண்டுபோய் விட்டபோது, ஒரே ஒரு சத்தம், அதுவும் என் காலால் ஆரம்பித்து என் காலால் நிறுத்துகிற சத்தம். அதனால்தான் அங்கே எனக்கு எல்லாம் ஏறியது. இத்தனை வருஷம் கழித்து அது தெரிந்ததில் கொஞ்சம் அழுதேன், பிறகு எதிர் வீட்டுப் பாவாடை அவசரம் என்பதால் தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆகையால் டாக்டருக்கு நான் திருத்திச் சொல்வது இதுதான், அப்படியே அந்த ஊர் பாஷையில் எழுதிக்கொடு. பத்தொன்பது கேள்விக்கு "ஆம்". நான்கு கேள்விக்கு "கொஞ்சம்". நீ பல்லியின் அறுந்த வால் துடித்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்ததையும், ஆறு வருஷம் கடுகு தாளிக்காத தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டதையும், ரயில் டைம்டேபிளை மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒப்பித்ததையும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். மிச்சம் ஒன்று, "பிறர் மேல் பாசம் காட்டாமல் இருப்பாளா", அதற்கு மட்டும் "இல்லை" அப்படியே இருக்கட்டும். ஜுரம் வந்து நான் படுத்த அன்று நீ ஒரு வார்த்தை கேட்காமல் பாபினில் எல்லாக் கலர் நூலும் சுற்றி வரிசையாக அடுக்கி வைத்தாய். அது என்ன என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், அந்த டாக்டருக்குத் தெரியாவிட்டால் நீ விளக்கிச் சொல். முதல் தடவை ஏன் தப்பாகப் போட்டீர்கள் என்று கேட்டால், பரிசோதனைக்கு வந்தது மகள், அளவு எடுத்தவள் தன்னையே வைத்து அளந்துவிட்டாள் என்று சொல்.

வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. காதுக்குக் குல்லா போடு. பார்சலில் ஐந்து சுடிதார் இருக்கிறது, லேபிள் எல்லாம் வெட்டியாகிவிட்டது, ஒருவேளை தேவைப்படுமோ என்று வெட்டிய லேபிள்களைத் தனிக் கவரில் போட்டிருக்கிறேன்.

கோபம் தீர்ந்தால் போன் செய். பேச வேண்டியதில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார், நான் என் மிஷினை ஓட்டுகிறேன். சின்ன வயதில் இந்தச் சத்தத்தில்தானே மிஷினுக்கு அடியில் தூங்குவாய். சாப்பிட்டாச்சா என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் முழுப் பதிலும் சொல், எனக்கு அது வேண்டும்.

நோய் நொடியில்லாமல் நீ நினைத்த மாதிரியே நீ இருக்க வேண்டும் என்று கருப்பனை வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா,
சோலையம்மாள்.

(பதினெட்டாம் தேதியை மறந்துவிடாதே. கடைசிப் பக்கம் போட்டோவில் அப்பாவின் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும், அதற்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை.)