பவுனு வயிற்றில் இரண்டு கட்டி

இராஜபாளையம்
19.8.93

அன்பு மகள் செல்வரஞ்சிதத்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் சுகம். போபாலில் நீயும் உன்னோடு இருக்கிற நர்ஸ் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கே இரண்டு நாளாகச் சாரல், துணி காயவில்லை. தளவாய்புரத்து அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அக்டோபரில் இருக்கும், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். உன் பூனை பவுனுக்கு உடம்பு சரியில்லை. ஒரு மாதம் முன்னால் மடியில் படுத்திருந்தபோது வயிற்றைத் தடவினேன், பால்காம்பு ஓரமாகச் சுண்டைக்காய் அளவில் இரண்டு கட்டி தட்டுப்பட்டது. இங்கே மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு ஆடு, மாடு, நாய்தான் பழக்கம், சீழ்க்கட்டியாக இருக்கும் என்று பத்து நாள் மாத்திரை கொடுத்தார். வற்றவில்லை. பிறகு ஒயர் கூடையில் வைத்து, துண்டால் மூடி, பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். அங்குள்ள டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுக் கை கழுவினார். பிறகு, "சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம்மா, புத்துநோயாவும் இருக்கலாம். அறுத்தெடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினாத்தான் தெரியும்" என்றார். அறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். "சொல்ல முடியாதுங்க." அறுத்தால் பிழைக்குமா என்று நான் கேட்டேன், அதற்கும் அதே பதில்தான். அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அறுங்கள் என்று சொன்னது நான்தான்.

மயக்க ஊசி போடும்போது நான் பிடித்திருந்தேன், மணிக்கட்டில் கடித்துவிட்டது. திரும்பி வருகையில் கண்டக்டர், "அக்கா, கையில ரத்தமா இருக்கே" என்று சொல்லித்தான் எனக்கே தெரியும், வலிக்கவே இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறேன், திட்டாதே. அன்றிலிருந்து எல்லாமே எனக்கு அப்படித்தான் இருக்கிறது. சோறு பொங்குகிறேன், ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் எல்லோரோடும் பாட்டுப் பாடுகிறேன், எதுவும் உள்ளே இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் வந்து, "ஏட்டி பரிபூரணம், பூனைக்குப் போயி ஆப்பரேசனா? எம்புட்டுப் பேரு சிரிக்காக தெரியுமா" என்றாள். முன்பென்றால் சண்டைக்கு நின்றிருப்பேன், காப்பி குடிக்கிறியா என்று மட்டும் கேட்டேன். அப்பா, தான் ஓட்டுகிற பேண்டேஜ் துணித் தறியில் மிஞ்சிய துணியைக் கொண்டுவந்து, பவுனு தையலை நக்காதபடி வயிற்றைச் சுற்றிக் கட்டுகிறார். அது காலால் இழுத்து அவிழ்க்கிறது. ஷிப்டுக்குப் போகுமுன் ஒருதரம், வந்ததும் ஒருதரம் கட்டுகிறார். நீ போன இந்த ஏழு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் பாதி அந்தப் பூனையைப் பற்றித்தான், இப்போது அதுவும் நின்றுவிட்டது. இன்றைக்கு இரண்டு நெத்திலி தின்றது. தின்றதற்குச் சந்தோஷப்படலாமா என்றுகூடத் தெரியவில்லை.

நேற்று மெட்ராஸிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது என்று அப்பா போய் வாங்கிவந்தார். டாக்டர் ட்ரெயினிங் போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவாராம். கம்பவுண்டர், "எனக்கு இதெல்லாம் வெளங்காது அண்ணாச்சி" என்று கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டாராம். முழுக்க இங்கிலீஷாம். நம் தெருவில் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அப்பாதான், "வேண்டாம். ரஞ்சிதம் படிக்கட்டும். அவ சொன்னா நான் தாங்கிக்கிடுவேன்" என்றார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

முதலில் சாப்பிடு. ட்யூட்டி இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படி. என்ன போட்டிருந்தாலும் அப்படியே எழுது, எங்களுக்காகக் குறைத்து எழுதாதே, லீவு போட்டு ஓடியும் வராதே. கர்த்தர் உன்னைக் கண்மணிபோலக் காக்கட்டும். மறந்துவிடாதே, கடிதமாகத்தான் எழுத வேண்டும், தந்தி மட்டும் அடிக்காதே. தந்திக்காரர் வாசலில் நின்றால் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அப்பா நினைப்பார்.

உன் அம்மா,
பொ. பரிபூரணம்