மேலிருந்து எடுத்த படம்

பிரிக்பீல்ட்ஸ்
7 ஜூன் 2024, வெள்ளி

அன்புத் தங்கை தாமரைக்கு,

இரண்டு நாளாகக் கூப்பிடுகிறேன், நீ போனை எடுக்கவில்லை. உங்கள் கொண்டோ வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவோ கார்டு இல்லாதவர்களை லிஃப்ட் பக்கமே விடமாட்டார். அதனால் வெள்ளிக்கிழமைப் பூப்பொட்டலத்துக்குள் இதை வைத்து அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் கடைவரிசை முழுவதையும் இந்த மாதத்துக்குள் எடுக்கச் சொல்லி மாநகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. நடைபாதையை அடைக்கிறோமாம். உங்கள் கொண்டோவில் யாரோ மேலிருந்து படம் எடுத்துப் புகார் செய்திருக்கிறார்கள். அதில் என் சிவப்புக் குடைதான் பளிச்சென்று நிற்கிறது. பதினாறு வருஷமாகப் பூக்கட்டிய இடம், தாமரை.

அங்கே குடியிருப்பவர்கள் ஆதரவாக எழுதிக் கொடுத்தால் மறுபடி யோசிக்கலாம் என்றார் அதிகாரி. பூ வாங்க வந்து எனக்குத் தங்கையாகிப் போன உன்னை விட்டால் மேலே யாரைத் தெரியும்? நாலு வீட்டில் கேட்டுப் பார். புது வீட்டுக்குப் போன பிறகு நீ என் கடைப்பக்கம் வருவதே இல்லை. அந்தக் கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அமுதவள்ளி அக்கா


பன்னிரண்டாம் மாடி
10 ஜூன்

அன்புள்ள அக்கா,

பூவும் கடிதமும் கிடைத்தன. படித்ததிலிருந்து மனசே சரியில்லை. இங்கே நீச்சல்குளம், ஜிம் எல்லாம் இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பேன்? என் கணவர் முகுந்தனிடம் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
தாமரை


13 ஜூன்

அக்கா,

போன கடிதத்தில் மழுப்பிவிட்டேன். அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.

முகுந்தன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். உங்கள் பக்கத்துக் கடை யுகேந்திரன் வைக்கும் பாட்டு மீட்டிங்கில் கேட்கிறதென்று தினமும் என்மேல் எரிந்து விழுந்தார். தாங்காமல் மேனேஜ்மெண்ட் ஆப்பில் புகார் எழுதினேன். படம் சேர்த்தால்தான் அனுப்பவே முடியும் என்றது. பால்கனியில் நின்று எடுத்தேன். சத்தம் படத்தில் விழுமா? குடைகள்தான் விழுந்தன.

சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். படத்தை மாநகர மன்றத்துக்கு அனுப்பியாயிற்று, தங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்கிறார்கள். புகார் செய்த வெட்கத்தில்தான் உங்கள் போனை எடுக்கவில்லை. நாளைக்குக் கீழே வரட்டுமா அக்கா?

தாமரை


28 ஜூன், வெள்ளி

தாமரைக்கு,

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றிருந்தேன். ஆறவில்லை.

யுகேந்திரனிடம் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கொறச்சிருப்பேனே, அக்கா" என்றான். அவ்வளவு ஏன், நானே எட்டிக் குறைத்திருப்பேன். வீட்டில் சத்தம் தாங்கவில்லை என்றதும் என்னிடம் வந்து சொல்ல உனக்குத் தோன்றவில்லை பார், நோட்டீஸைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆதரவுக் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. உன்னுடையதும் வரவில்லை. நாளை காலி செய்கிறோம். என் தம்பி கமலநாதன் கிள்ளானில் ஓர் இடம் பார்த்திருக்கிறான். இனிப் பூவுக்கு வேறு ஆளைச் சொல்லிக்கொள்.

கீழே வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதாவிட்டாலும் வந்து நிற்பாய் என்று இரண்டு வாரமாக உங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டு பூக்கட்டினேன். நீ வரவில்லை.

அமுதவள்ளி