வேலங்குப்பத்துக்குப் போகாத தண்ணீர்

ஏப்ரல் 11, 2023 – செவ்வாய்

காலை ஆறு மணிக்கே, எங்கள் ஊர் ஓரத்தில் புதிதாக வீடு வாங்கி வந்த புது நகர்க்காரர்கள் வாசலில். இருபது பேர் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்துவிட்டார்கள். மூன்று நாளாக வீட்டுக்கு இரண்டு குடம்கூட வரவில்லையாம். "தண்ணி இருக்குதுன்னு நீங்க கையெழுத்து போட்டதாலதான் இங்க ஊடு வாங்கினோம், தலைவரம்மா" என்றார் ஒருவர். 

போட்டேன்தான். மூன்று வருஷத்துக்கு முன், ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த புதிதில். மனை பிரித்து விற்கும் ஹேமநாத் வந்து கேட்டார். நூற்று அறுபது வீட்டுக்குப் போதுமான குடிநீர் உள்ளது என்று எழுதிக் கொடுத்தேன். கை நீட்டி எதுவும் வாங்கவில்லை. ஊர் பெரிதானால் பள்ளிக்கூடம் பெரிதாகும், பஸ் நிற்கும் என்று ஆசை. ஆனால் அந்தத் தண்ணீர் எங்களுடையது மட்டுமா? ஆற்றில் போட்ட போர்வெல்களிலிருந்து ஒரே குழாய். முதலில் ஆத்துமேடு, அடுத்து நாங்கள், கடைசியில் வேலங்குப்பம். எந்த ஊராவது கூடுதலாக எடுப்பதென்றால் மூன்று ஊரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. நான் யாரிடமும் பேசவில்லை.

மதியம் டேங்க் ஆபரேட்டர் லோகுவைக் கூப்பிட்டு, நம் பக்கத்து வால்வை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வைத்து, கீழ்ப் பக்க வால்வை அதுவரை மூடச் சொன்னேன்.

"அப்ப வேலங்குப்பத்துக்கு எறங்காதேம்மா."

"கோடை முடியட்டும். பாத்துக்கலாம்."

ஏப்ரல் 15 – சனி

கங்கம்மா போன் செய்தாள். வேலங்குப்பத்துக்குத் தலைவர். வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவர். அவளும் நானும் ஒரே தேர்தலில் ஜெயித்து, பயிற்சிக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். மைக்கைப் பார்த்து நான் நடுங்கியபோது "போக்கா, யாரும் கடிக்க மாட்டாங்க" என்று முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டவள்.

"அக்கா, எங்க டேங்கு கால்வாசிகூட ஏறல. உங்களாண்ட எப்பிடி?"

"இங்கயும் கம்மிதான். ஆத்துல மோட்டாருக்குக் கரண்ட் சரியில்லபோல."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! யோசிக்கக்கூட இல்லை.

ஏப்ரல் 24 – திங்கள்

புது நகரில் தண்ணீர் நன்றாக வருகிறது. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மே 1 – திங்கள்

இன்று எல்லா ஊரிலும் கிராம சபை. எங்கள் ஊரில் தண்ணீருக்காக எனக்குக் கை தட்டினார்கள். கொழுந்து விட்டு எரிகிற மாதிரி இருந்தது முகம்.

வேலங்குப்பத்தில் நடந்ததைச் சாயந்திரம் லோகு சொன்னான். காலிக் குடங்களைக் கங்கம்மா முன்னால் அடுக்கி வைத்துக் கேட்டார்களாம். இறால் பண்ணைக்குத் தண்ணீரை விற்றுவிட்டாள் என்று யாரோ கிளப்பிவிட, ஊரே நம்பிவிட்டது.

மே 4 – வியாழன்

இதை எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு நானே அப்படி நடக்கவில்லை என்று நம்பிவிடுவேன்.

காலையில் கங்கம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா. கொழாயிலயே கம்மியா வருதுன்னு சொன்னா போதும். நீ சொன்னா நம்புவாங்க." போனேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். ஒருவர் நேராகக் கேட்டார்: "உங்க ஊர் வால்வு வழியாத்தான எங்களுக்குத் தண்ணி வரணும்? நீங்க ஒழுங்கா உடுறீங்களா, இல்லியா?"

இல்லை என்று ஒரே சொல் சொல்லியிருக்கலாம். புது நகரும் கையெழுத்தும் கண் முன்னால் வந்தன. "எங்க பக்கத்துலருந்து ஒழுங்காத்தான் உடுறோம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் புரிந்தது. நாங்கள் ஒழுங்காக விட்டால் நடுவில் தண்ணீர் எங்கே போயிற்று? எல்லாரும் கங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தான்தான் எதையோ சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தாள்.

மே 5 – வெள்ளி

கங்கம்மா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மே 23 – செவ்வாய்

லோகு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் வேலங்குப்பம். "அவங்க வால்வ தெனம் நானே என் கையால மூடுறேம்மா. பேஜாரா கீது. சாப்ட உக்காந்தா எறங்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, தெறந்துடுறேன்."

இன்னும் பத்து நாள் போகட்டும் என்றேன். மழைக்காகக் காத்திருக்கிறேனா, இல்லை எல்லாரும் மறந்துபோவார்கள் என்றா?

ஜூன் 8 – வியாழன்

கங்கம்மா ராஜினாமா செய்துவிட்டாள்.

பி.டி.ஓ. – வட்டார வளர்ச்சி அலுவலர் – ஆபீசில் கேள்விப்பட்டேன். மகளைத் தெருப் பிள்ளைகள் 'தண்ணி திருடி மவ' என்று கூப்பிடுகிறார்களாம். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாலும் போகமாட்டேன் என்கிறதாம் அந்தப் பெண். ஏழாவது படிக்கிறது.

ஜூன் 9 – வெள்ளி

திருடி நான். அதை எந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 14 – புதன்

லோகுவிடம் வால்வைப் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டு, கும்மிடிப்பூண்டிக்குப் போய் பி.டி.ஓ.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, வால்வு, வேலங்குப்பத்தில் சொன்ன பொய். அவர் பேனாவை மூடி வைத்தார். "எழுத்துல குடுத்தீங்கன்னா உங்க மேலதான் நடவடிக்கை வரும். யோசிச்சுக்குங்க." அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பாதி எழுதியதை ஒருமுறை கிழித்துப் போட்டு, திரும்ப ஆரம்பித்தேன்.

வீட்டில் ஏச்சு. "இன்னாத்துக்கு உனக்கு இந்த வேல? அடங்கிப்போன விஷயம்" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். அடங்கியது யாருக்கு?

ஜூன் 15 – வியாழன்

வேலங்குப்பத்தில் டேங்க் இன்னும் ஏறவில்லை, லாரித் தண்ணீருக்குக் கூட்டம். லாரி பக்கத்திலேயே நின்று சொன்னேன். "உங்க தண்ணிய நான்தான் எடுத்தேன். கங்கம்மா ஒரு சொட்டு விக்கல. அன்னிக்கு நான் சொன்னது பொய்."  குடம் நிரம்பி வழிந்தும் யாரும் குழாயை மூடவில்லை. பிறகு முத்தம்மாள் என்கிற வயதான அம்மா முன்னால் வந்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க அவள அப்பிடிப் பேசியிருப்போமா? எங்க வாயாலயும் பாவம் பண்ண வெச்சிட்டியேம்மா."

கங்கம்மா வரிசையில்தான் இருந்தாள். முழுவதும் கேட்டாள். தன் முறை வந்ததும் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 3 – திங்கள்

மூன்று ஊரும் முதல்முறையாக ஒரே மேசையில். வேலங்குப்பத்துக்கு இப்போது துணைத் தலைவர்தான் வந்தார். முடிவானது: ஊருக்கு ஒரு மீட்டர், மூன்று ஊர் ஆட்களும் சேர்ந்து ரீடிங் எடுப்பது. ஹேமநாத் அடுத்துப் பிரிக்கும் புது நகரின் இரண்டாம் பகுதிக்கு அனுமதி கிடையாது – தனித் தண்ணீர் வழி காட்டி, மற்ற இரண்டு ஊரும் ஒப்புக்கொள்ளும் வரை. வெளியே ஹேமநாத், "உங்க ஊர நீங்களே அமுக்கிட்டீங்க மேடம்" என்றார்.

கங்கம்மாவின் ராஜினாமா இன்னும் ஏற்கப்படவில்லை, வாபஸ் வாங்கலாம் என்று பி.டி.ஓ. சொல்லி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டாளாம்.

ஆகஸ்ட் 15 – செவ்வாய்

கிராம சபையில் இரண்டு மணி நேரம் நின்றேன். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், அதற்கு என்னை வைத்து வாங்கினார்கள். என்னை நீக்கக் கோரி கலெக்டருக்கு மனு எழுதி, என் முன்னாலேயே கையெழுத்து வாங்கினார்கள். புது நகர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கடன் வாங்கி வீடு கட்டியவர்கள். என் எழுத்தை நம்பியவர்கள். அவர்களுக்கும் நான் செய்தது துரோகம்தான். மழைநீர்த் தொட்டி, குளம் தூர்வாருதல் என்று பட்டியல் வாசித்தேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

செப்டம்பர் 26 – செவ்வாய்

கலெக்டர் ஆபீஸ் நோட்டீசுக்குப் பதில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கவரைப்பேட்டை நிறுத்தத்தில் கங்கம்மா. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு மாதமாகப் போகிறாளாம், பேக்கிங் வேலை.

பக்கத்தில் போய் நின்றேன். 

"பொண்ணு ஸ்கூலுக்குப் போவுதா?"

"போவுது. வேற ஸ்கூலு."

"என்ன மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு..."

"கேக்காத." சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "கேட்டா நான் ஏதாவது சொல்லியாகணும். இன்னும் எனக்கு ஒண்ணும் வரல."

சரி என்றேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் நகரவும் இல்லை, அவள் போகச் சொல்லவும் இல்லை. பஸ் வந்தது. ஏறப் போனவள் படியில் காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. வரதா இருந்தா ஊட்டாண்ட வா. டீ போட தண்ணி கீது."

கூப்பிட்டாளா, குத்திக் காட்டினாளா? வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறேன்.