மாடி பஸ்ஸில் முன் சீட்டு

ஏங்க,

எழுப்ப மனசு வரலை. நேத்து போட்ட சண்டை பாதி மிச்சம் இருக்கு. உங்களை எழுப்பினா அதுவும் எழுந்துக்கும்.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. நம்ம வாயாடிக்குத் தலை வாரி விடுங்க.

"கிறிஸ்துமஸ் விளக்கு காட்ட ஊரையே பஸ்ல ஏத்திக்கிட்டுப் போறே, பெத்த பொண்ணுதான் வீட்ல கிடக்கா"ன்னு கேட்டீங்களே, அது இன்னும் காதுலயே நிக்குது. இத்தனை வருஷமா அந்த ரோட்டுல ஓட்டுறேன், ஒரு விளக்கைக்கூட நிமிர்ந்து பார்த்தது கிடையாது. எனக்குத் தெரியறதெல்லாம் முன்னாடி போற வண்டியோட பிரேக் விளக்குதான்.

இன்னைக்குக் கடைசி டிரிப்புக்கு ரெண்டு பேரும் தெருமுனை ஸ்டாப்புக்கு வந்துடுங்க. இது நமக்கு இத்தனை நாளா தோணவே இல்லை பாருங்க! மாடியில முன் சீட்டுக்குத் துண்டு போட்டு வைக்க கண்டக்டர்கிட்ட சொல்லிடறேன். டிக்கெட் எடுத்துடுங்க, டிரைவர் வீட்டுக்காரருக்கெல்லாம் சும்மா கிடையாது.

ஏறும்போது நான் பேசலைன்னா கோபம்னு நினைச்சுக்காதீங்க. ஓட்டும்போது பேசக் கூடாது, அவ்வளவுதான்.

அவளுக்கு ஸ்வெட்டர் போடுங்க, மேல காத்து அடிக்கும்.

சாவியை எடுத்துக்குங்க. என்னோடதை பீரோ மேலேயே விட்டுட்டுப் போறேன், சேர்ந்துதானே திரும்பி வரப் போறோம்.

இன்னொண்ணு. கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கிடுவாங்க, நீங்க இறங்காதீங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு நானும் மாடிக்கு வர்றேன். ஜன்னலோர சீட்டு எனக்கு.